கேப்டன் மூட்டிவிட்ட கோபம்

கில்டன் கரும்புத் தோட்டத்து மைதானத்தில் ராம்டெஹல் பந்து போடுகிறான் என்றால் வேலியோரம் இரண்டு கட்சியாகக் கூட்டம் நிற்கும். ஒரு கட்சி அவன் விக்கெட் எடுப்பதைப் பார்க்க வந்தது. இன்னொரு கட்சி, இன்றைக்கு அவன் யாரோடு சண்டை போடப்போகிறான் என்று பார்க்க வந்தது. இரண்டு கட்சியும் ஏமாந்து வீடு திரும்பிய நாட்கள் குறைவு.

பெர்பீஸ் மாவட்டத்தில் அவனுக்கு நிகரான ஆஃப் ஸ்பின்னர் கிடையாது. சர்க்கரை ஆலைப் பட்டறையில் ஃபிட்டர் வேலை பார்த்த அவனுக்கு ஒல்லியான உடம்பு, நீண்டு வளைந்த விரல்கள். ஸ்பேனர் பிடித்துக் காய்ப்பேறிய அந்த விரல்களிலிருந்து கிளம்பும் பந்து காற்றில் ஒரு கணம் தயங்கி, கீழே விழுந்ததும் பேட்ஸ்மேனின் கால் பக்கம் வெடுக்கென்று திரும்பும். திரும்பும் என்று தெரிந்தேதான் பேட்ஸ்மேன் மட்டையை நீட்டுவான். தெரிந்தும் பயன் இருக்காது.

கோபம் மட்டும் அவன் கையில் இல்லை. ஒருமுறை ஸ்லிப்பில் நின்றவன் லட்டு மாதிரி வந்த கேட்சை நழுவவிட்டான். ராம்டெஹல் பந்தைக் கேட்டு வாங்கினான், திரும்பி நடந்தான், கரும்புத் தோணிகள் போகும் கால்வாயில் அதை வீசிவிட்டுக் கைகட்டி நின்றான். எதிரணிக்காரர்களும் சேர்ந்து கால்வாயில் இறங்கித் துழாவவேண்டியிருந்தது. இன்னொருமுறை அம்பயர் அவுட் கொடுக்கவில்லை என்று பிட்ச் நடுவிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டான். கேப்டன் ஃபீல்டரை இடம் மாற்றிய கோபத்தில் ஓவர் பாதியில் வீட்டுக்கே போனதும் உண்டு. சந்தையிலிருந்து வந்த அவன் மனைவி தன்மட்டி, வீட்டை உயரத் தூக்கி நிறுத்திய தூண்களுக்கு நடுவே தொங்கிய தூளியில் அவன் வெள்ளைச் சட்டையோடு படுத்திருப்பதைப் பார்த்து, ஆட்டம் முடிந்ததா என்று கேட்டாள். எனக்கு முடிந்தது என்றான். மைதானத்துக் கூச்சல் அப்போதும் கேட்டுக்கொண்டுதான் இருந்தது.

மறுநாள் பட்டறையில் இதையெல்லாம் யோசித்துப் பார்ப்பான். ஒரு கேட்சுக்கா அப்படிச் செய்தோம் என்று அவனுக்கே ஆச்சரியமாக இருக்கும். யாரோ வேறொருவன் செய்ததைப் பற்றி ஊர் பேசுவதுபோல இருக்கும். அடுத்த ஞாயிறு மறுபடி செய்வான்.

அந்தப் பந்தும் அப்படித்தான் வந்தது. ஒருநாள் அம்பயரோடு வாய்த்தகராறு முற்றி, காதெல்லாம் சூடேறி, பல்லைக் கடித்துக்கொண்டு ஓடிவந்து போட்ட பந்து வழக்கமான பக்கம் திரும்பவில்லை. அதே கை, அதே விரல், அதே ஓட்டம். ஆனால் பந்து எதிர்ப்பக்கமாக வெளியே ஓடியது. பேட்ஸ்மேன் ஒரு பக்கம் மட்டையை வீச, ஆஃப் ஸ்டம்ப் விழுந்து கிடந்தது. விக்கெட் கீப்பர் கிளேர்மான்ட் அடோனிஸ் கால் பக்கமாக நகர்ந்து வெறும் காற்றைப் பிடித்துக்கொண்டு நின்றான். அடோனிஸ் பக்கத்து டவுனான நியூ ஆம்ஸ்டர்டாமைச் சேர்ந்தவன்; ராம்டெஹலின் பந்தைப் பல வருஷமாகப் பிடித்துப் பழகியவன்.

"என்ன மாப்ளே போட்ட?" என்று ஓடிவந்து கேட்டான்.

"போட்டேன்ல, அதான்" என்றான் ராம்டெஹல். அவனுக்கே தெரியாது என்பதைச் சொல்ல வெட்கமாக இருந்தது.

அதன் பிறகு பட்டறையில் இரும்பு நட்டை வைத்துச் சுழற்றிப் பார்த்தான். வீட்டில் ஆரஞ்சுப் பழத்தை வைத்துப் பார்த்தான். பயிற்சியில் அந்திவரை முயன்று பார்த்தான். வரவே இல்லை. ஆட்டத்தில் எப்போதாவது, அதுவும் அவன் தலைகால் புரியாமல் கொதிக்கிற நேரத்தில் மட்டும், அது தானாக வந்தது. ஒளித்து வைத்திருக்கிறேன், வேண்டும்போது எடுப்பேன் என்று ஊரில் சொல்லிவைத்தான். ஊரும் நம்பியது.

நம்பாதவர் ஒருவர்தான். தோட்டத்து மருந்தகத்தில் கம்பவுண்டராக இருந்த பெர்மால். சுதந்திரம் வந்த மறுவருஷம் அவர்தான் பெர்பீஸ் அணிக்குக் கேப்டன் ஆனார். மருந்து அளந்து ஊற்றுகிறவர் போலத்தான் பேசுவார். குரல் உயர்ந்து யாரும் கேட்டதில்லை. ராம்டெஹல் பந்து போடும்போது மிட் ஆனில் நின்றுகொண்டு, கண்ணை இடுக்கிக்கொண்டு, ஒரு பருவம் முழுக்கப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

பக்கத்து மாவட்டமான டெமராராவோடு ஆட்டம் வந்தது. அன்று காலை பெர்மால் ராம்டெஹலின் முழங்கையைப் பிடித்துத் தனியாகக் கூட்டிப்போனார்.

"உன்கிட்ட சொல்லக்கூடாதுன்னுதான் இருந்தேன், தம்பி" என்றார். "நேத்து கேஞ்சேல உன் மச்சானப் பார்த்தேன். 'என் தங்கச்சி புருஷன் பந்து போடறது, பொம்பளைங்க ரொட்டி தேய்க்கிற மாதிரி இருக்கும்'னு நாலு பேருக்கு நடுவுல சொல்லிட்டிருந்தான். எல்லாரும் சிரிச்சாங்க. நான் சிரிக்கல."

தன்மட்டியின் அண்ணன் மொஹபீர் கேஞ்சேயில் அரிசி ஆலை வைத்திருந்தான். ராம்டெஹலுக்கும் அவனுக்கும் நேற்றுவரை ஒரு மனத்தாங்கலும் இல்லை. அதனாலேயே அந்தச் சொல் ஆழமாக இறங்கியது. அன்று அவன் யாரோடும் பேசவில்லை. பந்து மட்டும் பேசியது. உள்ளே திரும்பிய பந்துக்கு இருவர், வெளியே ஓடிய பந்துக்கு அதைவிட அதிகம் பேர் என்று டெமராரா அணி தேநீருக்கு முன்பே சுருண்டது. தலைநகர் ஜார்ஜ்டவுனிலிருந்து வந்திருந்த பெரிய மனிதர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஜனங்கள் அவனைத் தோளில் தூக்கினார்கள். தோளில் இருந்தபடியே அவன் மொஹபீரைத் திட்டிக்கொண்டிருந்தான். சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும், இனி கேஞ்சேப் பக்கம் நீ கால்வைக்கக்கூடாது என்று தன்மட்டியிடம் சொன்னான். ஏன் என்று கேட்டாள். உன் அண்ணனைக் கேள் என்றான். வண்ணம் தெளிக்கும் பக்வா பண்டிகைக்கு மொஹபீர் கையிடுக்கில் ஒரு வாத்தும் ஒரு பை அரிசியுமாக வந்தபோது வாசல் படியிலேயே மறித்து, பையைப் பிடுங்கி ரோட்டில் வீசினான். அரிசி சிதறியது. வாத்து கத்திக்கொண்டு பக்கத்து வீட்டுக்குள் ஓடியது. மொஹபீர் ஒரு வார்த்தை பேசவில்லை. ராம்டெஹலைப் பார்த்தான், மேலே ஜன்னலில் நின்ற தங்கையைப் பார்த்தான், திரும்பிப் போய்விட்டான். ஏதோ குற்றம் செய்தவன் போல அவன் பேசாமல் போனது ராம்டெஹலுக்கு நல்ல சாட்சியாகப் பட்டது.

சில மாதம் கழித்து மொஹபீரின் மகளுக்குக் கல்யாணம் வந்தது. தன்மட்டி போகவில்லை. அன்று அவள் எப்போதும்போல் பருப்பு வேகவைத்து, சோறு வடித்து, அவன் முன்னால் தட்டை வைத்துவிட்டு ஜன்னலோரம் போய் நின்றாள். அழவில்லை. ராம்டெஹல் சாப்பிட்டுவிட்டுப் பயிற்சிக்குப் போனான்.

அந்தக் காலம் அவனுக்கு ஏறுமுகம். தேசிய அணிக்குத் தேர்வானான். அங்கும் பெர்மாலே கேப்டன். ஜார்ஜ்டவுன் போர்டா மைதானத்தில் டிரினிடாட்காரர்கள் அவனிடம் தடுமாறினார்கள், பார்படாஸ்காரர்களும் தடுமாறினார்கள். ஒவ்வொரு ஆட்டத்திலும் ஏதாவது ஒன்று நடந்து அவனைக் கொதிக்க வைத்தது. ஒருநாள் காலை ஒரு பக்கத்து ஷூவைக் காணோம். ஒருநாள் மதியச் சாப்பாட்டில் எல்லோர் தட்டிலும் கறி இருக்க, இவன் தட்டில் மட்டும் இல்லை. ஒருநாள் விருந்தில் எல்லோர் பெயரையும் வாசித்தவர்கள் இவன் பெயரை விட்டுவிட்டார்கள். உலகமே தனக்கு எதிராகக் கூடி நிற்கிறது என்று நினைத்துக்கொண்டு ஓடிவந்து பந்து போட்டான். அந்தப் பந்து வந்துகொண்டே இருந்தது. டிரினிடாட், பார்படாஸ் எல்லாம் சேர்ந்த பெரிய அணியின் அடுத்த இங்கிலாந்துப் பயணத்துக்கு இவனில்லாமல் கப்பல் கிளம்பாது என்று ரேடியோவில் பேசினார்கள்.

ஒரு பிற்பகல், ஜார்ஜ்டவுனில் ஆட்டம் முடிந்து ரயிலில் ஆற்றின் இக்கரையான ரோசிக்னாலில் வந்து இறங்கினார்கள். ஆற்றில் நீர் வற்றியிருந்ததால் படகு வரத் தாமதமாகும் என்றார்கள். துறைக்கு எதிரே இருந்த ரம் கடையில் ராம்டெஹலும் அடோனிஸும் உட்கார்ந்தார்கள். வெற்றி பெற்ற சந்தோஷத்தில் அடோனிஸ் கொஞ்சம் அதிகமாகவே குடித்தான்.

"மாப்ளே, ஒண்ணு சொல்றேன், கோச்சுக்கக்கூடாது" என்றான். "உன் ஷூவ ஒளிச்சு வெச்சது நான்தான்."

ராம்டெஹல் சிரித்தான். அடோனிஸுக்கு உற்சாகம் வந்துவிட்டது.

"கேப்டன் சொல்லித்தான் செஞ்சேன். 'அவன் கொதிச்சாத்தான் அந்தப் பந்து வரும், கொதிக்க வைக்கறது நம்ம வேலை'ன்னாரு. விருந்துல பேர விட்டதும் அவரு ஏற்பாடுதான். பெரிய மூளைடா அந்த ஆளுக்கு."

ராம்டெஹல் இன்னும் சிரித்துக்கொண்டுதான் இருந்தான். சிரிப்பை எப்படி நிறுத்துவது என்று தெரியாமல் முகத்தில் அது ஒட்டிக்கொண்டிருந்தது. "அப்ப என் மச்சான் சொன்னது?" என்று கேட்டான்.

"எது? ரொட்டியா?" அடோனிஸ் தொடையில் தட்டினான். "அத அவரு மைதானத்துக்கு வர்ற வழில பஸ்லயே யோசிச்சாரு. முதல்ல துணி துவைக்கிற மாதிரின்னு வெச்சிருந்தாரு. நான்தான், ரொட்டி தேய்க்கிற மாதிரின்னா இன்னும் நல்லா இருக்கும்னேன்."

அவ்வளவு சொன்ன பிறகுதான் அவன் ராம்டெஹலின் முகத்தைப் பார்த்தான். கல்யாணத்துக்குத் தன்மட்டி போகாதது அவனுக்கும் தெரியும். ஆனால் இரண்டையும் முடிச்சுப் போட்டுப் பார்த்ததில்லை. கையிலிருந்த கிளாஸை மெதுவாகக் கீழே வைத்தான். படகு வந்தது. அக்கரை போய்ச் சேரும்வரை ராம்டெஹல் படகின் மறுகோடியில் தனியாக நின்றான்.

அடுத்த நாள் ராம்டெஹல் மருந்தகத்துக்குப் போனான். பெஞ்சில் காய்ச்சல்காரர்களும் கையில் கட்டுப்போட்ட கரும்புவெட்டிகளும் உட்கார்ந்திருந்தார்கள். பெர்மால் நிமிர்ந்து பார்த்துவிட்டு, கொஞ்சம் உட்காரச் சொன்னார். பாட்டில்களையெல்லாம் உடைக்கவேண்டும் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்தவன், இருமிக்கொண்டிருந்த ஒரு கிழவிக்கும் கட்டைவிரல் வீங்கிய ஒருவனுக்கும் நடுவில் தன் முறைக்காக உட்கார்ந்திருந்தான். முறை வந்தது. கேட்டான்.

பெர்மால் மறுக்கவில்லை. "சொன்னேன். உன் வீட்டுல அது இவ்வளவு தூரம் போகும்னு நினைக்கல. அது என் தப்பு" என்றார். "ஆனா நீயும் யோசிச்சுப் பாரு. நிதானமா இருந்தா நீ நல்ல ஸ்பின்னர். கொதிச்சா, உன்ன ஆட ஆளே கிடையாது. நான் கேப்டன். நீ என் இடத்துல இருந்தா என்ன பண்ணுவ?"

"எதெல்லாம் நீங்க பண்ணது? எதெல்லாம் நிஜமா நடந்தது? அத மட்டும் சொல்லுங்க" என்றான் ராம்டெஹல்.

"ஷூ நான். விருந்து நான்."

"தட்டுல கறி இல்லாம வந்தது?"

"அது சமையக்காரன் மறந்தது" என்றவர், மருந்துப் பாட்டிலைக் கையில் வைத்தபடியே நெற்றியைச் சுருக்கினார். "இல்ல, நான்தான் சொன்னேனோ? சரியா ஞாபகமில்ல, தம்பி. எல்லாத்தையும் நான் எழுதியா வெச்சிருக்கேன்?"

"டிரினிடாட் ஆட்டத்துல என்னப் பந்து போட விடாம பாதில நிறுத்தினது?"

"அன்னிக்கு நீ நிஜமாவே மோசமா போட்ட."

இப்போது கோபம் வரவேண்டும் என்று ராம்டெஹல் காத்திருந்தான். ஒரு கேட்சுக்கு வந்தது, ஒரு ஷூவுக்கு வந்தது, இதற்கு வராமல் எதற்கு வரும்? காது சூடேறத் தொடங்கியது. உடனே இன்னொன்று தோன்றியது. அடுத்த வாரம் வெளிநாட்டிலிருந்து வந்திருக்கும் அணியோடு ஆட்டம். இங்கிலாந்துப் பயணத்துக்கான ஆட்களை அதில் பார்த்துத்தான் எடுக்கப்போகிறார்கள். ஒருவேளை அடோனிஸைச் சொல்லவைத்ததே இவர்தானோ? இப்போது நான் கொதிக்கவேண்டும் என்று பார்க்கிறாரோ? ஏறிய சூடு அப்படியே இறங்கிவிட்டது.

பெர்மால் அவனை உற்றுப் பார்த்தார். "கோபம் வரலையா?" என்று கேட்டார். நோயாளியிடம் பசிக்கவில்லையா என்று கேட்கிற மாதிரி, நிஜமான கவலையோடு கேட்டார்.

ராம்டெஹல் எழுந்து வெளியே வந்துவிட்டான்.

போர்டா மைதானத்தில் அந்த ஆட்டத்துக்கு மரக்கிளைகளில்கூட ஆட்கள் ஏறியிருந்தார்கள். காலையில் கார் தாமதமாக வந்தது. இது அவர் வேலையாக இருக்கும் என்று ராம்டெஹல் புன்னகைத்தான். காலை உணவுக்கு வந்த முட்டை அழுகியிருந்தது. அதற்கும் புன்னகைத்தான். உடை மாற்றும் அறைக் காவலாளி, யார் நீ, சீட்டு எங்கே என்று மறித்தான். அவன் முதுகில் தட்டிக்கொடுத்துவிட்டு உள்ளே போனான். இதில் எதற்குமே பெர்மால் காரணமில்லை. அன்றைக்கு அவர் ஒன்றும் செய்யவில்லை. செய்தால் என்ன ஆகுமோ என்று பயந்து ஒதுங்கியே நின்றார்.

பந்து போட்டான். ஒழுங்காகப் போட்டான். விழவேண்டிய இடத்தில் விழுந்து, திரும்பவேண்டிய பக்கம் திரும்பியது. வந்தவர்கள் கெட்டிக்காரர்கள்; கொஞ்ச நேரத்தில் திருப்பத்தைக் கணக்குப் பண்ணிக் கால்பக்கமாகத் தட்டி ஓடத் தொடங்கினார்கள். ஒரு பந்து மட்டையின் விளிம்பில் பட்டு நேராக அடோனிஸின் கைக்குப் போனது. கையில் பட்டுத் தெறித்து விழுந்தது. மைதானம் முழுக்க மூச்சைப் பிடித்துக்கொண்டு ராம்டெஹலைப் பார்த்தது.

ராம்டெஹல் மெதுவாக நடந்து கீப்பரிடம் போனான். "இதுவும் சொல்லி வெச்சதா?" என்று கேட்டான்.

"நிஜமாவே விட்டுட்டேன்டா" என்றான் அடோனிஸ். அவன் கண் கலங்கியிருந்தது. "சத்தியமா. என்ன அடிடா வேணும்னா."

ராம்டெஹல் அவன் முகத்தையே பார்த்தான். நிஜம் போலத்தான் இருந்தது. ஷூ காணாமல் போன அன்றும், கூடச் சேர்ந்து பெஞ்சுக்கு அடியில் தேடியபோது, இந்த முகம் நிஜம் போலத்தான் இருந்தது. திரும்பி நடந்தான். அடுத்த ஓவரில் பேட்ஸ்மேன் காலில் வாங்கிய பந்துக்கு அம்பயர் அவுட் இல்லையென்று தலையை ஆட்டியபோது, சரிங்க சார் என்றான். அம்பயர் பயந்து ஒரு அடி பின்னால் போனார். வேலியோரக் கூட்டத்தில், டெஹலுக்கு உடம்பு சரியில்லையா என்று ஒருவரையொருவர் விசாரித்தார்கள். தண்ணீர் இடைவேளையில் பெர்மால் கிட்டே வந்து, இன்றைக்கு எதுவும் நான் செய்யவில்லை தம்பி, எல்லாம் நிஜம், வேண்டுமளவு கோபப்பட்டுக்கொள் என்று கெஞ்சும் குரலில் சொன்னார். அதைக் கேட்டதும் மிச்சமிருந்ததும் போய்விட்டது. அன்று முழுக்க அவனுக்கு விழுந்தது ஒரே விக்கெட். அதுவும் பேட்ஸ்மேன் தானாக வழுக்கி ஸ்டம்ப் மேல் விழுந்தது.

பயணத்துக்கான பெயர்களை ரேடியோவில் வாசித்தபோது பட்டறையில் எல்லோரும் வேலையை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள். அவன் பெயர் இல்லை. மனக்கட்டுப்பாடு போதாத ஆட்டக்காரர் என்று தேர்வுக்குழு கருதியதாகப் பத்திரிகையில் போட்டிருந்தார்கள். வாழ்நாளிலேயே ஒரு நாள்தான் அவன் ஒழுங்காக நடந்துகொண்டான். அந்த ஒரு நாளைப் பார்த்தவர்கள் சொன்ன காரணம் அது. பட்டறைக்காரர்கள் கொதித்தார்கள். ஜார்ஜ்டவுனுக்கே போய்க் கேட்போம் என்றார்கள், லாரி பிடிக்கலாம் என்றார்கள். நீ முன்னால் நட, நாங்கள் பின்னால் வருகிறோம் என்றார்கள். ராம்டெஹல் கையிலிருந்த இரும்புத் தண்டை அரம் போட்டுத் தேய்த்துக்கொண்டே இருந்தான். உனக்கு ரோஷம் இல்லையா என்று ஒருவன் அவன் கையிலிருந்து அரத்தைப் பிடுங்கி எறிந்தான். போய்ப் பொறுக்கிக்கொண்டு வந்து மறுபடி தேய்த்தான். அவனுக்கு வலித்தது. அது நிச்சயம். ஆனால் கோபமா என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. தனக்கு இதற்குமுன் வந்ததெல்லாம் கோபம்தானா, அல்லது யாரோ கையை விட்டுக் கலக்கிய கலக்கலா என்றும் தெரியவில்லை.

வீட்டுக்குப் போனபோது தன்மட்டி கீழே உட்கார்ந்து மீன் கழுவிக்கொண்டிருந்தாள். ரேடியோவில் வந்ததை அவளும் கேட்டிருந்தாள். அவன் அதைப் பற்றிப் பேசவில்லை. மச்சான் சொன்னதாகப் பெர்மால் சொன்னதையும், அது பஸ்ஸில் கட்டிய கதை என்பதையும் ஆதியோடந்தமாகச் சொன்னான்.

"அப்ப எங்கண்ணன் ஒண்ணுமே சொல்லல" என்றாள் தன்மட்டி.

"இல்ல."

அவள் கையைக் கழுவினாள். மீனைப் பூனைக்கு எட்டாமல் மூடிவைத்தாள். மேலே போய்ச் சேலை மாற்றிக்கொண்டு ஒரு பையோடு இறங்கி வந்தாள். அவளைத் தனியாகப் போகச் சொல்ல அவனுக்கு வாயில்லை. கிரீஸ் படிந்த கையோடு பின்னாலேயே பஸ் ஏறினான்.

மொஹபீர் வீட்டு வாசலிலேயே நின்றிருந்தான். தங்கையைக் கண்டதும் ஓடிவந்து அவள் பையை வாங்கிக்கொண்டான். உள்ளே கூட்டிப்போய் உட்காரவைத்தார்கள். மொஹபீரின் மனைவி வாத்துக் கறியை அடுப்பில் ஏற்றினாள். ராம்டெஹல் பஸ்ஸில் வரும்போதே யோசித்து வைத்திருந்ததைச் சொன்னான். தவறு தன்னுடையது, கேட்ட வார்த்தை பொய், விசாரிக்காமல் நடந்துகொண்டேன், பொறுத்துக்கொள்ளவேண்டும் என்றான்.

மொஹபீர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். சந்தோஷப்படவேண்டிய மனிதன் நெளிந்தான்.

"ரொட்டி தேய்க்கிற மாதிரின்னு நான் சொல்லல, மச்சான்" என்றான் கடைசியில். "அதவிட மோசமா சொல்லியிருக்கேன்."

அவன் மனைவி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"நீ பந்தக் கால்வாயில வீசின பிறகு ஒரு கல்யாண வீட்டுல பேச்சு வந்தது. 'ஒரு பைத்தியக்காரனுக்கு எங்க பொண்ணக் குடுத்துட்டோம், இன்னிக்குப் பந்த வீசினவன் ஒருநாள் அவளயும் தூக்கி வீசுவான்'னு சொன்னேன். குடிச்சிருந்தேன். ஆனா நினைச்சுத்தான் சொன்னேன். நீ அன்னிக்கு என் பைய ரோட்டுல போட்டப்ப, சரி, காதுக்குப் போயிடுச்சுன்னு நினைச்சேன். அதான் நான் வாயத் திறக்கல. பொண்ணு கல்யாணத்துக்கும் வந்து கூப்பிட எனக்கு முகமில்ல."

ராம்டெஹலுக்குத் தலை சுற்றியது. பொய்யைக் கேட்டுக் கோபப்பட்டான். கோபப்பட்டது தவறு என்று மன்னிப்புக் கேட்க வந்தால், கோபப்பட நியாயம் இருந்திருக்கிறது. அந்த நியாயம் அவனுக்கே தெரியாமல் இருந்திருக்கிறது. பெர்மால் சொன்னது பொய்யா, நிஜமா? தான் அன்று செய்தது தவறா, சரியா? மச்சான் இப்போது மன்னிக்கவேண்டியவனா, மன்னிப்புக் கேட்கவேண்டியவனா? எழுந்து போவதா, உட்கார்ந்திருப்பதா? எல்லோரும் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள், போர்டாவில் பார்த்ததுபோல.

"எனக்கு இப்ப என்ன வருதுன்னே தெரியல" என்றான். தன்மட்டியைப் பார்த்துத்தான் சொன்னான்.

தன்மட்டி அதுவரை இருவரும் பேசியதைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"உங்க ரெண்டு பேருக்கும், யாரு சொன்னா, யாரு சொல்லலங்கறதுதான் பெருசு" என்றாள். "மைதானத்துல உங்களுக்கு வந்தது நிஜமா பொய்யான்னு எனக்குத் தெரியாது. நான் கிரிக்கெட் பாக்கறதில்ல. வீட்டுக்கு வந்தது நிஜம். தட்டுக்கு முன்னால உக்காந்து நீங்க உறுமினது நிஜம். நான் தூக்கி வளத்த பொண்ணு கல்யாணத்த நான் பாக்கல, அது நிஜம். இதுல எனக்கு ஒரு குழப்பமும் இல்ல."

பிறகு அண்ணன் பக்கம் திரும்பி, "நான் கொஞ்ச நாள் இங்க இருக்கேன்" என்றாள்.

சாப்பாடு வந்தது. ராம்டெஹல் சாப்பிட்டான். கறி நன்றாக இருந்தது. அதை ரசித்தது அவனுக்கே விசித்திரமாக இருந்தது. மொஹபீர் இரண்டாம் தடவை அவன் தட்டில் கறி போட்டபோது மறுக்கவில்லை.

திரும்பும் பஸ்ஸில் அவனைப் பற்றித்தான் பேச்சு. அவனை ஒழித்தது ஜார்ஜ்டவுன்காரர்கள் சூழ்ச்சி என்றான் ஒருவன். இல்லை, அவன் வாய்தான் ஒழித்தது என்றான் இன்னொருவன். பின்சீட்டில் அவன் இருப்பதை யாரோ பார்த்துவிட்டு, அவனையே கேட்போம் என்றார்கள். எனக்கும் தெரியவில்லை என்றான். திமிரைப் பார் என்று முணுமுணுத்தார்கள்.

அதற்குப் பிறகும் பல பருவம் அவன் பெர்பீஸுக்காக ஆடினான். பெர்மால் டொரான்டோவுக்குக் குடிபெயர்ந்து போனார். புதுக் கேப்டன் வந்தார். ராம்டெஹல் விக்கெட் எடுத்தான், நிறையவே எடுத்தான். ஆனால் மேலே யாரும் அவனைக் கூப்பிடவில்லை. சிலசமயம் ஓடிவரத் தொடங்கும் இடத்தில் பந்தோடு நின்றுவிடுவான். அம்பயர், போடப்பா, என்று குரல் கொடுக்கும்வரை தரையைப் பார்த்துக்கொண்டு நிற்பான். வயசாகிவிட்டது என்றார்கள். அந்த நேரத்தில் அவன் தனக்குள்ளே எதைத் தேடிக்கொண்டிருந்தான் என்பது அடோனிஸ் ஒருவனுக்குத்தான் தெரியும். அடோனிஸ் அதைப் பற்றிப் பேசியதில்லை.

அதெல்லாம் பிறகு. அந்த வருஷம், தன்மட்டி கேஞ்சேயில் இருந்த நாட்களில், ஞாயிறு ஆட்டம் முடிந்ததும் அவன் நேராக அங்கே போவான். மொஹபீரோடு உட்கார்ந்து நெல் விலை பேசிவிட்டு, அவள் முகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்புவான். வா என்று கூப்பிடத் தைரியம் வரவில்லை. அவளும் வருகிறேன் என்று சொல்லவில்லை. சில ஞாயிறுகள் அப்படிப் போயின. பிறகு ஒருநாள் அவன் கிளம்பும்போது அவள் பையோடு படியிறங்கி வந்தாள். ஏன் இன்றைக்கு என்று அவன் கேட்கவில்லை.

ரோட்டோரம் வந்து நின்றார்கள். தூரத்தில் பஸ் வருவது தெரிந்தது. ராம்டெஹல் கையைக் காட்டினான். ஓட்டுநர் அவர்களைப் பார்த்தான், சிரித்த மாதிரி இருந்தது, நிறுத்தாமல் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டான். ராம்டெஹலுக்குக் காது சூடேறியது. நடுரோட்டுக்கு ஓடி, அந்த ஓட்டுநரின் ஏழு தலைமுறையையும் இழுத்துத் திட்டினான். ஒரு மண்கட்டியை எடுத்து வீசினான். அது பஸ்ஸுக்கு எட்டாமல் நெல் வயலில் போய் விழுந்தது. இன்னொன்றுக்குக் குனிந்தவன் அப்படியே நின்று தன்மட்டியைத் திரும்பிப் பார்த்தான்.

"இது நிஜமா வந்ததா?" என்று கேட்டான். கேலியாக அல்ல, தெரிந்துகொள்ளத்தான் கேட்டான்.

தன்மட்டி அவன் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். அவள் உதட்டில் சிரிப்பு வந்ததா என்று அவனால் நிச்சயமாகச் சொல்லமுடியவில்லை. தரையில் வைத்த பையை எடுத்து அவனிடம் நீட்டினாள்.

"பஸ் போயிடுச்சு" என்றாள். "நடங்க."